24 முனைக் கனெக்டரில் வயர்கள் பின்வாங்குகின்றன: சொல்டர் இடுவதா, பசை வைப்பதா?

கொட்டாஞ்சேனைப் பட்டறை (திங்கள், இரவு 9.15)

அனைவருக்கும் வணக்கம். மின்பிறப்பாக்கிகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் சிறு அளவில் கட்டிக் கொடுக்கும் பட்டறை ஒன்றை நானும் என் மைத்துனரும் நடத்தி வருகிறோம். 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில், கொழும்பின் தொடர்மாடிகள் பலவற்றில் அவசர அவசரமாக இயந்திரங்களை இறக்கிப் பொருத்தினார்கள். அவற்றின் பழைய பெட்டிகளைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கேட்பவர்களால்தான் இப்போது எங்கள் பிழைப்பு ஓடுகிறது. அண்மையில் ஒரே மாதிரியான 18 பெட்டிகளைக் கொடுத்தோம். அவற்றில் 3 திரும்பி வந்துவிட்டன.

மூன்றிலும் ஒரே குறைதான். இயந்திரம் அரை மணித்தியாலமோ முக்கால் மணித்தியாலமோ ஒழுங்காக ஓடிய பின், வேக சமிக்ஞை கிடைக்கவில்லை என்று திரையில் காட்டிவிட்டுத் தானாக நின்றுவிடுகிறது. வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்திற்கு நானே போய்ப் பார்த்தேன். உணரியில் பழுதில்லை. உள்ளே இருக்கும் இரட்டை வரிசை 24 முனைக் கனெக்டரின் பின்புறத்தில் குறித்த வயரை விரலால் உள்ளே அமுக்கினால் சமிக்ஞை வருகிறது, விட்டால் போய்விடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லா வயர்களும் ஒழுங்காகச் செருகப்பட்டவை போலவே தெரிகின்றன.

கனெக்டரின் முனைகளுக்கு இடையேயான தூரம் 3 மில்லிமீற்றர். வயர், பனல்களுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் 0.5 சதுர மில்லிமீற்றர் பல இழை வயர். வயர் நுனியில் மாட்டும் சிறு உலோகத் துண்டுகளான டேர்மினல்களை நாங்களே கிரிம்ப் செய்கிறோம், அதாவது குறட்டால் அமுக்கிக் கவ்வவைக்கிறோம். மிகுதி 15 பெட்டிகளும் என்றைக்குத் திரும்பி வருமோ என்ற கவலையில் இதைக் கேட்கிறேன்: கிரிம்ப் செய்த இடத்தில் ஒரு சொட்டு சொல்டர் இட்டால் தீருமா, அல்லது கனெக்டரின் பின்புறம் முழுவதையும் சூட்டுப் பசையால் நிரப்பிவிடுவது நல்லதா?

மருதானை மின் (திங்கள், இரவு 9.50)

பசை வையுங்கள். பத்து வருடமாக நான் அதைத்தான் செய்கிறேன், ஒன்றுமே திரும்பி வந்ததில்லை.

துறைமுக மின்னியலாளர் (திங்கள், இரவு 11.05)

மருதானைத் தம்பி கோபிக்கக் கூடாது. பசை வைத்த கனெக்டர்களைச் சுரண்டிச் சுத்தம் செய்வதிலேயே என் வாழ்நாளில் ஒரு பங்கு போயிருக்கிறது. இயந்திரத்தின் மேலேயே பொருத்தப்பட்ட பெட்டிக்குள் மத்தியான வெயிலும் எஞ்சின் சூடும் சேரும்போது சூட்டுப் பசை இளகிவிடும். இளகாத நாட்களிலோ, உள்ளே எந்த வயர் பூட்டப்படாமல் நிற்கிறது என்பதை அது மறைத்து வைத்திருக்கும். குறை அப்படியே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

பட்டறைக்காரரிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கனெக்டரில் ஒரு வயரை மூன்று இடங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. டேர்மினலின் முன் இறக்கைகள் இரண்டும் வெறும் செப்பு இழைகளைக் கவ்வுகின்றன. மின்னைக் கடத்துவதும் இழைகளின் இழுவையைத் தாங்குவதும் அவைதான். பின் இறக்கைகள் இரண்டும் காப்புறையைத் தழுவுகின்றன. வயர் ஆடும்போது அந்த ஆட்டம் இழைகளுக்குப் போய்ச் சேராமல் தடுப்பதுதான் அவற்றின் வேலை. மூன்றாவது, டேர்மினலின் முதுகிலோ வயிற்றிலோ நெம்பி நிற்கும் ஒரு சிறு பூட்டு நாக்கு. அது பிளாஸ்ரிக் அறைக்குள் ஒரு படியைத் தாண்டியதும் விரிந்து, டேர்மினல் பின்வாங்க முடியாதபடி அந்தப் படியில் முட்டிக்கொள்ளும்.

விரலால் அமுக்கினால் சமிக்ஞை வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மூன்றாவது பிடியைத்தான். சொல்டரோ முதலாவது பிடிக்குச் செய்யும் வைத்தியம். கால் நோவுக்குக் கையில் மருந்து பூசுவது போல ஆகிவிடும்.

நான்கு விடயங்களைச் சொல்லுங்கள்: காப்புறையோடு சேர்த்து வயரின் வெளிவிட்டம் எவ்வளவு, கிரிம்ப் செய்த குறடு எது, வயர்களைச் சேர்த்துக் கட்டும் கேபிள் டையைக் கனெக்டரிலிருந்து எவ்வளவு தூரத்தில் போட்டிருக்கிறீர்கள், பழுதான வயர்கள் எந்தெந்த முனைகளில் இருக்கின்றன. வெளிவிட்டத்தைக் கடைக்காரர் சொன்னபடி எழுத வேண்டாம், வேணியரால் அளந்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தந்தி (செவ்வாய், காலை 6.20)

சொல்டரை இவ்வளவு இலேசாகத் தள்ளிவிடுவது நியாயமில்லை என்று நினைக்கிறேன். தொலைபேசி இணைப்பகங்களில் நான் வேலை பார்த்த காலத்தில் 25 முனை, 37 முனை டி-சப் கனெக்டர்களின் (ஆங்கில எழுத்தான டி வடிவ வாயுள்ளவை) கிண்ண முனைகளில் ஆயிரக்கணக்கான வயர்களைச் சொல்டர் செய்திருக்கிறேன். கிண்ணத்தில் முதலில் அரைவாசிக்குச் சொல்டரை உருக்கி விட வேண்டும். நுனியில் மெல்லிதாகப் பூசிய வயரை அதற்குள் இறக்கி, சொல்டர் பளபளப்போடு வயரைச் சுற்றி ஏறும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். ஆறிய பிறகு சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைக் கிண்ணத்தின் மேல் இழுத்துச் சூடு காட்ட வேண்டும். கீழ் வரிசையை முடிக்காமல் மேல் வரிசையைத் தொடக்கூடாது, தொட்டால் இரும்பின் முனை பக்கத்துக் காப்புறையைச் சுட்டுவிடும். இப்படிச் செய்தவற்றில் இருபது வருடம் கழித்தும் ஒன்றுகூட விட்டதாக எனக்கு நினைவில்லை. நம்பகம் என்பது செய்பவரின் கையில்தான் இருக்கிறது.

மொறட்டுவை மாணவி (செவ்வாய், மாலை 4.40)

ஐயாவின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் சொல்டர் செய்தது சொல்டருக்கென்றே வார்த்த கிண்ணத்தில், அதுவும் ஆடாத இரும்புச் சட்டத்தில் நின்ற கனெக்டரில். இங்கே கேட்கப்படுவது கிரிம்ப் செய்த டேர்மினலின் மேல் சொல்டர் இடுவது பற்றி. இரண்டும் வேறு என்பதற்கு என்னிடம் இருக்கும் காரணங்களை எழுதுகிறேன்.

சரியாகக் கிரிம்ப் செய்யும்போது செப்பு இழைகள் வட்ட வடிவத்தை இழந்து, தேன்கூட்டின் அறைகளைப் போல ஒன்றோடொன்று நெருக்கி அமுங்குகின்றன. அந்த அமுக்கத்தில் மேற்பரப்பிலுள்ள ஒட்சைட்டுப் படலம் உடைந்து, உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. இழைகளுக்கு நடுவே காற்றுப் போக இடமில்லாததால் அந்தத் தொடுகை பல வருடம் கெடாமல் இருக்கும். அதன் மேல் சொல்டரை உருக்கினால் புதிதாக எந்தப் பிடியும் கிடைப்பதில்லை. மாறாக, உருகிய சொல்டர் மயிர்த்துளைக் கவர்ச்சியால் இழைகளின் வழியே காப்புறைக்குள் ஏறி, அது நின்ற இடம் வரைக்கும் வயரை ஒரே கட்டையான கம்பியாக மாற்றிவிடுகிறது. கட்டைக் கம்பி முடிந்து இழை வயர் தொடங்கும் அந்த ஒரு புள்ளியில்தான் பிறகு எல்லா வளைவும் வந்து விழும்.

இதை மின்பிறப்பாக்கியோடு வைத்துப் பாருங்கள். 50 ஹேட்ஸ் தரும் நான்கு துருவ இயந்திரம் நிமிடத்திற்கு 1500 சுற்று, அதாவது விநாடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. சுற்றுக்கு ஒரு அதிர்வு என்று மட்டும் எடுத்தாலும் ஒரு மணித்தியாலத்தில் 90,000 தடவை. நான்கு சிலிண்டர் எஞ்சினின் வெடிப்பு அதிர்வு இதைப் போல இரண்டு மடங்கு. இணைப்பகத்தின் இரும்புச் சட்டம் இப்படி ஆடியதில்லை.

முன்கூட்டியே சொல்டர் பூசிய இழைகளைக் கிரிம்ப் செய்வதும் தவறுதான். நாசாவின் 8739.4 தரநியமம் அதை வெளிப்படையாகவே தடை செய்கிறது. சொல்டர் செம்பைவிட மென்மையானது. அமுக்கத்தின் கீழ் மெல்ல மெல்ல நெகிழ்ந்து விலகிவிடும், பிடி தளர்ந்துவிடும். திருகாணி முனைகளில் சொல்டர் பூசிய வயரை இறுக்கினால் சில மாதங்களில் ஆணி தளர்ந்திருப்பதும் இதனால்தான்.

இன்னொன்று: சிறிய டேர்மினலில் சொல்டரோடு சேர்ந்து உருகும் ஃப்ளக்ஸ் பிசின் முன்பக்கத் தொடுகைப் பகுதி வரை ஓடிவிட்டால், ஒரு பழுதைத் திருத்தப் போய் இரண்டைச் சம்பாதித்தவர்கள் ஆவோம்.

ஓய்வுபெற்ற தந்தி (செவ்வாய், இரவு 8.10)

பிள்ளை சொல்வது விளங்குகிறது. என்னுடைய கனெக்டர்களின் பின்புறத்தில் உறையும், அந்த உறையில் கேபிளை இறுக்கும் பிடியும் இருந்தன; வயர் ஆடவே வழியிருக்கவில்லை என்பதை நான் எழுத மறந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், தொலைபேசி வயர்களை இணைக்கும் குரோன் பட்டிகளில் நான் குத்தியிறக்கிய சோடிகளுக்குக் கணக்கில்லை. அங்கே வெள்ளிப் பூச்சுத் தகடுகள் வயருக்கு 45 பாகை சரிவில் நின்று காப்புறையை வெட்டிச் செம்பைக் கௌவும், சொல்டருக்கு அங்கே வேலையே இல்லை. ஆகவே சொல்டர் இல்லாவிட்டால் நம்பகம் இல்லை என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கிண்ண முனையில் சொல்டர் செய்வது கெட்டது என்று இளம் பிள்ளைகள் யாரும் இதை வாசித்துவிட்டு நினைத்துவிடக் கூடாது.

கொட்டாஞ்சேனைப் பட்டறை (புதன், இரவு 10.30)

கேட்ட விபரங்களைத் தருகிறேன். எழுதவே சற்று வெட்கமாக இருக்கிறது.

வயரின் வெளிவிட்டம் 2.3 மில்லிமீற்றர். ஐந்து இடத்தில் அளந்தேன், எல்லா இடத்திலும் 2.2க்கும் 2.3க்கும் இடையில்தான் வருகிறது. குறடு, காதுள்ள லக் வகைகளை அமுக்கும் சாதாரணக் குறடு. அதன் நுனியால் முன் இறக்கைகளை ஒரு தடவையும் பின் இறக்கைகளை ஒரு தடவையும் மடக்கி அமுக்குகிறோம். கேபிள் டை கனெக்டரிலிருந்து ஏறக்குறைய 10 மில்லிமீற்றரில் இருக்கிறது. கட்டு நெருக்கமாக இருந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று மைத்துனர் அப்படிப் போடுவார். பழுதான முனைகள்: முதல் பெட்டியில் 1, இரண்டாவதில் 12, மூன்றாவதில் 13உம் 24உம். நான்கும் மூலை முனைகள் என்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன்.

பிறகு பழுதான டேர்மினல் ஒன்றை வெளியே எடுத்து, கடிகாரம் திருத்துபவர் கண்ணில் வைக்கும் கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்த்தேன். வெளியே எடுத்தேன் என்பதுகூடச் சரியல்ல, மெதுவாக இழுத்ததும் அதுவே வந்துவிட்டது. பின் இறக்கைகள் காப்புறையின் மேல் சந்திக்கவே இல்லை. இரண்டு பக்கமும் ஆட்டின் காது போல விரிந்து நிற்கின்றன. இறக்கைகளின் வெளி ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்ரிக் சுரண்டல் ஒட்டியிருக்கிறது. அறையின் வாயிலிலும் அதே அகலத்தில் கீறல் இருக்கிறது. பூட்டு நாக்கு நெம்பி நிற்கவில்லை, உடலோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கிறது. வயர்களை உள்ளே செருகும்போது இறுக்கமாக இருந்ததால் சிறிய ஸ்குரூ டிரைவரால் தள்ளித் தள்ளித்தான் ஏற்றினோம். இறுக்கமாக இருப்பது நல்லதுதானே என்று அப்போது நினைத்தோம்.

துறைமுக மின்னியலாளர் (புதன், இரவு 11.40)

வெட்கப்பட ஒன்றுமில்லை. இவ்வளவு ஒழுங்காகப் பார்த்து எழுதுபவர்கள் குறைவு. உங்கள் பழுதின் பெரும்பகுதி அந்த 2.3இல் இருக்கிறது.

3 மில்லிமீற்றர் இடைவெளி கொண்ட இந்த வகைக் கனெக்டர்களின் டேர்மினலுக்கு விபரத்தாளில் காப்புறையின் உச்ச வெளிவிட்டம் 1.85 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கும். செம்பின் பருமனைப் பார்த்தால் உங்களுடைய 0.5 சதுர மில்லிமீற்றரும் 20 கேஜும் (கேஜ் என்பது அமெரிக்க வயர் அளவு, எண் கூடக் கூட வயர் மெலியும்) ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் பொருந்தும் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் கட்டடங்களுக்கும் பனல்களுக்குமான வயரில் காப்புறையின் தடிப்பு மட்டும் 0.6 மில்லிமீற்றர் அளவு. மின்னணுக் கருவிகளின் உள்வயரிங்கிற்கான 300 வோல்ற் வகை வயரில் அது 0.4க்கும் சற்றுக் குறைவு. அந்த வகையில் 20 கேஜின் வெளிவிட்டம் 1.8, 22 கேஜின் வெளிவிட்டம் 1.6, 24 கேஜின் வெளிவிட்டம் 1.4 அளவில் நிற்கும். முனைகள் நெருக்கமாக உள்ள கனெக்டரில் வயரைத் தெரிவு செய்வது செம்பை வைத்தல்ல, தோலை வைத்து. நீங்கள் 22 கேஜுக்கு மாறுங்கள்.

நீங்கள் செய்ததில் நடந்தது இதுதான். தடித்த காப்புறையைத் தழுவ முடியாமல் இறக்கைகள் அகன்று நின்றன. அகன்ற இறக்கைகள் அறையின் வாயிலில் மாட்டிக்கொண்டதால் டேர்மினல் கடைசி ஒரு மில்லிமீற்றர் உள்ளே போகவில்லை. நாக்கு படியைத் தாண்டவில்லை. நீங்கள் உணர்ந்த இறுக்கம் பூட்டின் இறுக்கமல்ல, பிளாஸ்ரிக்கின் உராய்வு. அதிர்வு அந்த உராய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்கடித்திருக்கிறது. சரியான டேர்மினல் சரியான அறைக்குள் இலேசாகப் போகும், முடிவில் ஒரு சிறு சொடுக்குக் கேட்கும், பிறகு வயரைப் பிடித்து இலேசாக இழுத்தால் அசையாது. தள்ளு, சொடுக்கைக் கேள், இழு. இயந்திரச் சத்தத்தில் கேட்காவிட்டால் விரலில் தெரியும்.

மூலைகள் மட்டும் முதலில் விட்டதற்குக் காரணம் உங்கள் மைத்துனரின் அழகுணர்ச்சி. ஒரு வரிசையில் 12 முனை இருந்தால், நடுவிலிருந்து ஓர முனைக்கு 16.5 மில்லிமீற்றர். கட்டு 10 மில்லிமீற்றரில் இருந்தால் ஓர வயர் ஏறக்குறைய 59 பாகை சரிந்து வர வேண்டும். அது நடு வயரைவிட 9 மில்லிமீற்றர் கூடுதலாகவும் தேவைப்படும். எல்லா வயரையும் ஒரே நீளத்தில் வெட்டியிருந்தால் அந்த 9 மில்லிமீற்றரை மூலை டேர்மினல்தான் தன் முதுகில் தாங்கும். கட்டை 50 மில்லிமீற்றருக்குத் தள்ளினால் சரிவு 18 பாகையாகக் குறையும், நீள வித்தியாசம் 3 மில்லிமீற்றருக்குள் வந்துவிடும். கப்பல் பனல்களில் நான் வைத்திருக்கும் வழக்கம், கனெக்டர் எவ்வளவு அகலமோ குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளியே முதல் கட்டு. அந்தக் கட்டும் காற்றில் தொங்கக் கூடாது, பெட்டியின் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். கனெக்டருக்கும் கட்டுக்கும் இடையில் வயர்கள் சற்றுத் தொய்வாக விசிறி போல விரிந்து நிற்கட்டும். பார்ப்பதற்குக் கொஞ்சம் பரட்டைத் தலை போல இருக்கும், பரவாயில்லை.

மருதானை மின் (வியாழன், காலை 7.30)

22 கேஜ் என்றால் செம்பு 0.33 சதுர மில்லிமீற்றர்தானே? 0.5ஐ எடுத்துவிட்டு அதைப் போடச் சொல்கிறீர்கள். கரண்ட் தாங்குமா?

துறைமுக மின்னியலாளர் (வியாழன், காலை 8.05)

நல்ல கேள்வி. வேக உணரி, எண்ணெய் அழுத்த சுவிட்ச், வெப்ப உணரி எல்லாம் மில்லியம்பியர் கணக்கில்தான் எடுக்கும், அவற்றுக்கு 24 கேஜே போதும். எரிபொருள் சொலனொயிட், ஸ்டாட்டர் ரிலே போன்றவற்றை இந்தக் கனெக்டர் வழியாக எடுக்கவே கூடாது. அவற்றுக்குத் தனியான பெரிய முனைகள் வேண்டும், அங்கே உங்கள் தடித்த வயரைத் தாராளமாகப் போடலாம்.

மொறட்டுவை மாணவி (வியாழன், மாலை 5.25)

குறடு பற்றி ஒருவரும் எழுதவில்லை. லக் குறட்டின் நுனியால் இறக்கைகளை மடக்குவது கிரிம்ப் ஆகாது. திறந்த இறக்கை டேர்மினலுக்கென்று குறட்டின் வாயில் இருக்கும் அச்சு, இரண்டு இறக்கைகளையும் மேலே வளைத்துத் திருப்பி இழைகளின் நடுவே இறக்கும்; குறுக்காக வெட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்தான பி படுத்திருப்பது போல இரண்டு வளைவுகள் தெரியும். பற்சக்கரப் பூட்டுள்ள குறடு, முழுவதும் அமுக்கி முடியும் வரை வாயைத் திறக்காது. களைத்த கையும் களைக்காத கையும் ஒரே அளவில் அமுக்குவதற்கு அதுதான் உத்தரவாதம். மலிவான குறடாக இருந்தாலும் அச்சு அந்த டேர்மினலுக்குப் பொருந்தினால் சமாளிக்கலாம். விலையுயர்ந்த குறடு பொருந்தாத அச்சோடு வந்தால் பயனில்லை.

கண்ணால் பார்க்க வேண்டியவை: முன் இறக்கைகளுக்கும் பின் இறக்கைகளுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் காப்புறையின் விளிம்பும் வெறும் செம்பும் இரண்டுமே தெரிய வேண்டும். காப்புறை மட்டும் தெரிந்தால் அது செப்புப் பிடிக்குள் புகுந்திருக்கலாம், செம்பு மட்டும் தெரிந்தால் பின் இறக்கைகளுக்குக் கவ்வக் காப்புறை இல்லை. முன்பக்கத்தில் இழை நுனிகள் தூரிகை போலச் சற்றே எட்டிப் பார்க்க வேண்டும். முன் இறக்கைகளின் பின் ஓரம் எக்காளத்தின் வாய் போலச் சிறிது விரிந்திருக்க வேண்டும்; கூரான விளிம்பு இழைகளை அறுக்காமல் காப்பது அந்த விரிவுதான். உரிக்கும்போதே ஓர் இழை வெட்டுப்பட்டிருந்தால் அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப உரிப்பது மேல். 22 கேஜில் ஏழு இழையோ பதினேழு இழையோதான் இருக்கும், ஒன்றை இழப்பது சிறு விடயமல்ல.

பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் (ஐஈசி) 60352-2 தரநியமம் கிரிம்ப் பிடியின் குறைந்தபட்ச இழுவை வலிமையை 0.22 சதுர மில்லிமீற்றருக்கு 28 நியூற்றன், 0.32க்கு 40 நியூற்றன், 0.5க்கு 60 நியூற்றன் என்று வகுக்கிறது. 40 நியூற்றன் என்றால் ஏறக்குறைய 4.1 கிலோ பாரம். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, மீன் நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று போதும். ஆனால் சோதனைக்கான மாதிரியில் பின் இறக்கைகளை மடக்காமல் விட வேண்டும், இல்லாவிட்டால் காப்புறையின் பிடியையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். வயர் உருவிக்கொண்டு வந்தால் அமுக்கம் போதவில்லை. இறக்கையின் ஓரத்திலேயே குறைந்த பாரத்தில் அறுந்தால் அமுக்கம் மிஞ்சிவிட்டது. இந்த இரண்டாவது வகைதான் ஆபத்தானது, ஏனென்றால் கையால் இழுத்துப் பார்க்கும்போது அது உறுதியாகவே தெரியும்.

கிரிம்பின் உயரத்தையும் அளப்பார்கள். அதற்குச் சாதாரண வேணியர் சரிவராது. அமுங்கும்போது அடியில் இரு பக்கமும் பிதுங்கும் மெல்லிய விளிம்பில் அதன் தாடை உட்கார்ந்து கூடுதலாகக் காட்டும். ஒரு பக்கம் கூர் முனையுள்ள மைக்ரோமீற்றர் வேண்டும்.

ஓய்வுபெற்ற தந்தி (வியாழன், இரவு 9.00)

ஒரு சிறு கேள்வி. 24 வயர்களும் ஒரே நிறமா?

கொட்டாஞ்சேனைப் பட்டறை (வியாழன், இரவு 9.20)

ஆம் ஐயா, எல்லாம் கறுப்பு. இலக்கக் குழாய் போடுவோம்.

ஓய்வுபெற்ற தந்தி (வியாழன், இரவு 9.55)

நினைத்தேன். ஒரே நிறத்தில் 24 வயர் இருந்தால் எங்கேயோ ஒன்று பிழையான அறைக்குள் போகும். அதை வெளியே எடுக்க நாக்கைக் குத்தி மடக்க வேண்டும். ஒரு தடவை மடங்கிய நாக்கு பழையபடி நெம்பி நிற்காது, அதே டேர்மினலைச் சரியான அறைக்குள் செருகினாலும் பூட்டாது. அதற்குரிய மெல்லிய கருவியால் எடுத்திருந்தால், செருகுமுன் நாக்கைச் சற்று வெளியே நெம்பிவிட்டுப் பாவிக்கலாம். ஊசியால் எடுத்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைக் கிரிம்ப் செய்யுங்கள்.

நிறத்துக்கு எங்கள் 25 சோடிக் கேபிளின் முறை இருக்கிறது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா என்று ஐந்து. நீலம், செம்மஞ்சள், பச்சை, கபிலம், சாம்பல் என்று ஐந்து. இவற்றைப் பெருக்கினால் 25 சோடி. அவ்வளவு நிறமும் உங்களுக்குத் தேவையில்லை, நாலைந்து நிறத்தை வரிசையில் மாற்றி மாற்றிப் போட்டாலே பிழை விழுந்தது உடனே கண்ணில் படும்.

துறைமுக மின்னியலாளர் (வெள்ளி, காலை 6.45)

ஐயா சொன்னது மிகச் சரி. அதோடு, இந்தக் கனெக்டரில் இரண்டாம் பூட்டுத் தகடு கிடைக்கும் வகையா என்று பாருங்கள். எல்லா டேர்மினலும் முழுவதும் உள்ளே போன பின்தான் அந்தத் தகடு மூடும். மூட மறுத்தால் உள்ளே எங்கோ ஒன்று அரைகுறையாக நிற்கிறது என்று பொருள். அப்போது பெருவிரலால் பலவந்தமாக அமுக்கி மூடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாசற்கதவு மூடவில்லை என்றால் காலை எடுக்க வேண்டும், கதவை உதைக்கக் கூடாது.

மொறட்டுவை மாணவி (வெள்ளி, பிற்பகல் 1.10)

வெள்ளவத்தை என்று எழுதியிருந்ததால் ஒரு சேர்க்கை. கடற்கரையோரக் கட்டடங்களில் உப்புக் காற்றைக் குறை சொல்லிவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். வெள்ளீயப் பூச்சுள்ள தொடுகைகளுக்கு அதைவிடப் பெரிய எதிரி நுண்ணிய உராய்வு. அதிர்வில் இரண்டு தொடுகைகளும் கண்ணுக்குத் தெரியாத அளவில் முன்னும் பின்னும் நகரும்போது, ஒவ்வொரு நகர்விலும் புதிய வெள்ளீயம் வெளிப்பட்டு ஒட்சியேறும். அந்தத் துகள்கள் அங்கேயே சேர்ந்து தடை கூடும். நாக்குப் பூட்டாத டேர்மினல் இதற்குக் கதவைத் திறந்து வைக்கிறது. பொன் பூச்சுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஒரு பக்கம் பொன்னும் மறு பக்கம் வெள்ளீயமுமாகச் சேர்த்துவிட வேண்டாம், அது இரண்டும் வெள்ளீயமாக இருப்பதைவிட மோசமாகும்.

கொட்டாஞ்சேனைப் பட்டறை (அடுத்த புதன், இரவு 10.10)

நடந்ததை எழுதுகிறேன். 22 கேஜ் வயரை ஐந்து நிறங்களில் வாங்கினோம், வெளிவிட்டம் 1.6. அச்சுப் பொருந்தும் பற்சக்கரக் குறடு ஒன்றையும் வாங்கினோம். முதல் முப்பது டேர்மினல்களையும் பின் இறக்கை மடக்காமல் தொங்கு தராசில் இழுத்தே வீணாக்கினோம். முதல் ஆறும் 3 கிலோவிலேயே உருவிக்கொண்டு வந்தன. குறட்டின் அமுக்கத்தை இரண்டு படி கூட்டிய பிறகு எல்லாம் 5 கிலோவுக்கு மேலே நின்றன. வயர் டேர்மினலுக்கு வெளியேதான் அறுந்தது.

செருகும்போது கிடைத்த சொடுக்கை மைத்துனருக்குக் கேட்கவைக்க வானொலியை நிறுத்த வேண்டியிருந்தது. இதற்கு முன் ஒருபோதும் அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கட்டை 50 மில்லிமீற்றருக்குத் தள்ளி, சட்டத்தோடு பிடித்துவிட்டோம். திரும்பி வந்த மூன்றையும் மாற்றிக் கொடுத்தாயிற்று, வெள்ளவத்தை இயந்திரம் நேற்று நான்கு மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. மிகுதி 15 பெட்டிகளையும் அவர்கள் கூப்பிடும் முன் நாங்களே போய் மாற்றத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை திறந்த நான்கில் இரண்டில் மூலை டேர்மினல்கள் பாதி வெளியே வந்திருந்தன.

மருதானை மின் (வியாழன், காலை 7.15)

சரி, கனெக்டருக்குள் பசையை விட்டுவிடுகிறேன். ஆனால் கட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் சிலிக்கனால் கொஞ்சம் பிடித்துவிடலாமா? குளியலறை ஓடுகளுக்குப் பூசும் குழாய் ஒன்று கடையில் கிடக்கிறது.

துறைமுக மின்னியலாளர் (வியாழன், காலை 7.50)

வினாகிரி மணம் வந்தால் அதைத் தொடவே வேண்டாம் தம்பி. காயும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிடும் வகை அது, செம்பை அரிக்கும். மின் வேலைக்கு நடுநிலை வகை என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். கட்டு சட்டத்தில் ஒழுங்காகப் பிடித்திருந்தால் அதுவும் தேவைப்படாது.

மருதானை மின் (வியாழன், காலை 8.00)

மணம் வருகிறதுதான். 22 கேஜ் வயர் எங்கே வாங்கினீர்கள், பட்டறை அண்ணா?

கொட்டாஞ்சேனைப் பட்டறை (வியாழன், காலை 8.35)

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில்தான். மூன்று கடைகளில் 22 கேஜ் என்று கேட்டு மூன்று விதமான தடிப்பில் வயர் காட்டினார்கள், ஒன்று 2.1 இருந்தது. வேணியரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள், வாங்கும் முன் கடை வாசலிலேயே அளந்து பாருங்கள்.